வெளுத்துக் கட்டு!

ஐப்பசி பிறந்துவிட்டது. கொடியில் துணி காயவில்லை, கேள்விகளும் ஓயவில்லை. ஆகவே இந்த முறை முழுக்க முழுக்க அழுக்குக்கே இடம்.

கே: எந்தத் துணியை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள். (இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: தோலோடு ஒட்டுவது தினமும், ஒட்டாதது வேண்டும்போதும்.

ஒரு வரி போதாதவர்களுக்கு: உள்ளாடை, பனியன், காலுறை மூன்றும் ஒருமுறை போட்டால் அழுக்குக் கூடைக்கு. சட்டையும் ரவிக்கையும் நம் வெயிலில் ஒரு நாள்தான் தாங்கும். பேன்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் சலுகை உண்டு. குளியல் துண்டு நாலைந்து குளியலுக்கு. தலையணை உறையும் படுக்கை விரிப்பும் வாரம் ஒருமுறை. ஸ்வெட்டரை ஊட்டிக்குப் போய் வந்தபின் யோசித்தால் போதும்.

கே: லுங்கியை விட்டுவிட்டீர்களே? (தேநீர்க் கடைக்காரர், ஈரோடு)

ப: வீட்டம்மா மூக்கைச் சுளிப்பதற்கு முந்தின நாள் வரை உடுத்தலாம்.

கே: வியர்வை ஏன் நாறுகிறது? (கல்லூரி மாணவி, விழுப்புரம்)

ப: வியர்வை நாறுவதில்லை. சுரக்கும்போது அதற்குக் கிட்டத்தட்ட மணமே கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று கழிக்கிறதே, அந்தக் கழிவுதான் பேருந்தில் பக்கத்து இருக்கையைக் காலியாக்குகிறது.

கே: என் கிரிக்கெட் ஜெர்சி துவைத்தாலும் வாடை போகவில்லை. அப்பாவின் பருத்திச் சட்டைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஏன்? (பிளஸ் டூ மாணவர், சேலம்)

ப: பருத்தி தண்ணீரைக் குடிக்கும், அலசினால் விட்டுவிடும். பாலியெஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் என்றால் உயிர். உன் உடம்பின் எண்ணெய்ப் பசையை இழுத்து வைத்துக்கொண்டு, அதைத் தின்னும் கிருமிகளுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி உடனே அலசு. ராத்திரி முழுக்கப் பையில் சுருட்டி வைத்தால் மறுநாள் நீ எடுப்பது ஜெர்சி அல்ல, பண்ணை.

கே: ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்று என் மகன் சாதிக்கிறான். (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வேலூர்)

ப: அவனிடம் சாட்சி இருக்கிறது. லீவைஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சிப் பெர்க், தாம் அணிந்திருந்த ஜீன்ஸை ஒரு வருஷமாக வாஷிங் மெஷினில் போடவில்லை என்று 2014இல் மேடையிலேயே சொன்னார். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 15 மாதம் துவைக்காமல் ஒரே ஜீன்ஸைப் போட்டுத் திரிந்தார். அதிலிருந்த பாக்டீரியாவையும், துவைத்து 13 நாள் போட்டபின் இருந்ததையும் எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஆனால் அது அந்தப் பல்கலைக்கழக ஊரான எட்மண்டனின் குளிர். உங்கள் ஊர் சித்திரை வெயிலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். ஐந்தாறு தடவை போட்டபின், உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். நீலமும் நிற்கும், உறவும் நிற்கும்.

கே: ஃப்ரீசரில் வைத்தால் ஜீன்ஸ் சுத்தமாகுமாமே? (மேற்படியாரின் மகன்)

ப: பாக்டீரியா குளிரில் தூங்கும், சாகாது. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வைக்கவும்.

கே: வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தியது. சோப்பு போட்டதும் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! பயந்துபோனேன். (புது மாப்பிள்ளை, கும்பகோணம்)

ப: கல்யாணத்தன்று உங்களைச் சுற்றி எடுத்தார்களே ஆரத்தி, அதை எப்படிக் கரைத்தார்கள் என்று மாமியாரைக் கேளுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். சுண்ணாம்பு காரம், சோப்பும் காரம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே நிறம் மாறும்.

விரட்டும் வழி: முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவித் தாளித்த எண்ணெயை எடுங்கள். பிறகு சோப்பு. மிச்சக் கறையோடு ஈரமாகவே மொட்டை மாடியில் உச்சி வெயிலில் விரியுங்கள். குர்குமின் ஒளியில் சிதைந்துவிடும். ஒரு வெயிலில் போகாதது மறுநாள் வெயிலில் போகும். கறை எடுக்கும் மருந்து வாங்கும் காசுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொள்ளலாம்.

கே: ரத்தக் கறைக்கு வெந்நீர்தானே? (செவிலியர், தூத்துக்குடி)

ப: பச்சைத் தண்ணீர். ரத்தம், பால், முட்டை எல்லாம் புரதம். வெந்நீர் பட்டால் நூலிலேயே வெந்து இறுகிவிடும். முட்டை அவிப்பது அடுப்பில் மட்டும் நடக்கட்டும்.

கே: வாழைக்கறை? (விவசாயி, திருவையாறு)

ப: காற்றுப் பட்டுக் கறுத்தபின் சொத்துப் பத்திரத்தைவிட உறுதியாக நிற்கும். தார் வெட்டப் போகும்போது கறை பட்ட பழைய சட்டையே சீருடை.

கே: பேனா கசிந்து சட்டைப் பை நாசம். (வங்கி ஊழியர், கரூர்)

ப: கறைக்கு அடியில் பழைய துணியை வைத்து, மேலே சானிடைசரை ஒற்றுங்கள். பால்பாயின்ட் மை சாராயத்தில் கரையும். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ஒரு பைக்கான கறை ஒரு மார்புக்கு ஆகும்.

கே: எங்கட கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் நுரைக்குதே இல்லை. என்ன காரணம்? (வாசகி, சுன்னாகம், யாழ்ப்பாணம்)

ப: உங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அம்மா. மழைநீர் அதில் கரைத்து எடுத்து வரும் கால்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. வாளியில் மிதக்கும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். அது துணியில் படிந்தால் வெள்ளை சாம்பலாகும், துண்டு மொறமொறக்கும். சலவைத் தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. கொஞ்சம் சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டால் சவர்க்காரமும் உங்கள் பேச்சைக் கேட்கும்.

கே: சோப்பு அழுக்கை எப்படித்தான் எடுக்கிறது? (ஒன்பதாம் வகுப்பு, நாகர்கோவில்)

ப: எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று முகம்பாராத குடும்பங்கள். சோப்பு கல்யாணத் தரகர். அதன் மூலக்கூறுக்குத் தலை தண்ணீரிலும் வால் எண்ணெயிலும். ஆயிரக்கணக்கான வால்கள் எண்ணெய்த் துளியைச் சுற்றிக் குத்திக்கொள்ள, தலைகள் தண்ணீரோடு இழுத்துப்போகும். தேர்வில் தரகர் என்று எழுதாதே, மிசெல் என்று எழுது.

கே: பவுடர் கூடப் போட்டா துணி கூட வெளுக்குமுங்களா? (பவானி)

ப: வெளுக்காதுங்க. துணியும் துணியும் உரசினால்தான் அழுக்கு கழலும். நுரை அதிகமானால் உரசல் குறையும். அலசலில் போகாத பவுடர் நூலிலேயே காய்ந்து, கழுத்தில் அரிக்கும். விளம்பரத்தில் பொங்கும் நுரை உங்கள் கண்ணுக்கு, துணிக்கு அல்ல.

கே: துணி சோப்புத் தூளில் பெரிய சாதனை யாருடையது? (வணிகவியல் மாணவர், மதுரை)

ப: அகமதாபாத் கர்சன்பாய் படேலுக்கே என் ஓட்டு. அரசு ஆய்வகத்தில் வேதியியல் உத்தியோகம். 1969இல் கொல்லைப்புறத்தில் நிர்மா என்ற தூளைக் கலக்கி, சைக்கிளில் வீடு வீடாக விற்றார். கிலோ 3 ரூபாய் 50 காசு. 1959 முதல் கோலோச்சிய சர்ஃப் அதைப்போல் பல மடங்கு விலை. சர்ஃப் திரும்பிப் பார்ப்பதற்குள் நிர்மா நாடு முழுக்க நுரைத்துவிட்டது.

நிர்மா, மகள் நிருபமாவின் பெயர். 1983இல் திருச்சூர்ப் பக்கம் உஜாலா நீலத்தைத் தொடங்கிய எம்.பி. ராமச்சந்திரன் தம் கம்பெனிக்கு வைத்த ஜோதி என்ற பெயரும் மகளுடையதுதான். இந்தியாவை வெளுத்த இரண்டு அப்பாக்களும் பெயருக்காக வெளியே தேடவில்லை.

கே: வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டால் எப்படி வெள்ளை கூடும்? (தையல்காரர், சிவகாசி)

ப: வெள்ளை பழசானால் மஞ்சளிக்கும். மஞ்சளுக்கு எதிர்க்கட்சி நீலம். இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு மஞ்சள் தெரியாது. அழுக்கு ஒரு துளியும் போவதில்லை, கூட்டணிதான்.

இன்றைய சலவைத் தூளில் ஒளிரும் பொருளையே சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். திருமண மண்டப மேடையின் ஊதா விளக்கில் மாப்பிள்ளை சட்டை மட்டும் எரிவதன் ரகசியம் இதுவே.

கே: சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறேன். சரியா? (கல்பாக்கம்)

ப: சாயப் பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. வீட்டுக்கு வந்தபின் இல்லை. முதல் மூன்று சலவைக்குத் தனி வாளி கொடுங்கள், உப்பை ஊறுகாய்க்குக் கொடுங்கள்.

கே: சாயம் போனதால் யாருக்காவது லாபம் உண்டா? (சென்னை-1)

ப: உங்கள் ஊருக்கே உண்டு! 1958இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு மெட்ராஸ் கைத்தறிக் கட்டத் துணி போயிற்று. விற்றவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டியவர். பச்சைத் தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று அவர் சொன்னது துணி வாங்கிய வணிகரோடு நின்றுவிட்டது. சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள். கட்டம் கரைந்தது, வக்கீல்கள் கிளம்பினார்கள்.

கடைசியில் சாயம் ஒழுகுவதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள்: ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை! அமெரிக்க இளசுகள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஒழுகினால் காசைத் திருப்பிக் கேட்ட ஊரில், ஒழுகாவிட்டால் மெட்ராஸே இல்லை என்றாயிற்று.

கே: புதுத் துணியைத் துவைக்காமல் உடுத்தலாமா? தீபாவளிக்குச் சட்டை வாங்கியிருக்கிறேன். (ஆட்டோ ஓட்டுநர், தாம்பரம்)

ப: கடை விறைப்புக்காகப் பூசிய மெருகு மருந்து, நூலில் ஒட்டாத உபரிச் சாயம், உங்களுக்கு முன்னால் போட்டுப் பார்த்தவர்களின் வியர்வை, எல்லாம் அதில் இருக்கிறது. முந்தின நாள் ஓர் அலசு, ஒரு வெயில். பிறகு காலரில் மஞ்சள் தடவுங்கள்.

கே: காஞ்சிப் பட்டை வாஷிங் மெஷினில்... (வாக்கியத்தை முடிக்காத வாசகர், ஓசூர்)

ப: முடிக்காதீர்கள். பட்டு ஒரு புரதம். சலவைத் தூளில் இருக்கும் நொதி புரதம் தின்னப் பிறந்தது. உடுத்திய பட்டை நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பை அவ்வப்போது மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே ஒடியும். அலசியே ஆக வேண்டுமென்றால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், பிழியாத கை.

கே: டிரை கிளீனிங்கில் துணி நனையவே நனையாதா? (தஞ்சாவூர்)

ப: நன்றாக நனையும். தண்ணீரில் அல்ல, பெர்குளோரோஎத்திலீன் வகைக் கரைப்பானில். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டுப் பிறகு பீரோவில் வையுங்கள்.

கே: மழை நாளில் துவைத்த துணியில் ஒரு நமுத்த வாடை. மறுபடி துவைத்தாலும் வருகிறது! (வால்பாறை)

ப: அந்த வாடைக்குப் பெயரும் ஊரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். உலர்ந்தாலும் சாகாமல் காத்திருந்து, ஈரம் பட்டதும் மறுபடி கச்சேரியைத் தொடங்கும்.

வெந்நீரில் அரைமணி ஊறவிட்டுத் துவையுங்கள். பிறகு உங்கள் வேலை அதை முந்துவது: துணியை நீண்ட நேரம் ஈரமாக வைத்திருக்காதீர்கள். இரண்டு முறை பிழியுங்கள், துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விடுங்கள், மின்விசிறியைப் போடுங்கள். மெஷின் நின்றபின் துணியை உள்ளேயே விட்டுவிட்டுத் தொடர் பார்க்க உட்காராதீர்கள்.

கே: மென்மையாக்கும் திரவம் போட்ட துண்டு ஏன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை? (கோவை)

ப: நூலுக்கு எண்ணெய்ப் பூச்சு பூசுவதைத்தான் மென்மை என்று விற்கிறார்கள். துண்டுக்கு மென்மை அழகு, உறிஞ்சுவது உத்தியோகம்.

கே: ப்ளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிடும் கலந்தால் கறை சீக்கிரம் போகுமா? (அவிநாசி)

ப: உயிர் சீக்கிரம் போகும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல விட்ட வாயு அது. வினிகரோடும் கலக்காதீர்கள். இந்தப் பதிலில் விளையாட்டு இல்லை.

கே: வெள்ளாவி என்றால் என்ன? பாட்டி அடிக்கடி சொல்கிறார். (மென்பொறியாளர், பெங்களூரு)

ப: உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, கொதிக்கும் பானைக்கு மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பது. உவர்மண்ணில் காரம், ஆவியில் சூடு. எண்ணெய் கரையும், கிருமி சாகும். விடிந்ததும் துறையில் அலசி மணலில் விரித்தால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

யார் வீட்டுத் துணி என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றால் குறி. சுண்ணாம்பு பட்டதும் கறுத்து, துணி கிழியும் வரை அழியாது. தோலில் பட்டால் கொப்புளிக்கும் சாறு அது. நூறு வீட்டு வேட்டியை ஒரு புள்ளி, ஒரு கோடு வித்தியாசத்தில் பிரித்துக் கொடுத்தவர்களைப் படிக்காதவர்கள் என்றது ஊர். உங்கள் மென்பொருளில் இதற்குப் பெயர் தரவுத்தளம்.

கே: வண்ணாரப்பேட்டை வண்ணார்களால்தான் வந்ததா? (வடசென்னை)

ப: ஆமாம். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். வெள்ளைக்காரனின் லாபத்துக்கு வெள்ளை தந்தது உங்கள் பேட்டை. கொச்சிக் கோட்டைப் பகுதியில் உள்ள தோபிகானாவுக்கும் போய்வாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன வண்ணார்களின் வாரிசுகள் அங்கே தொட்டியில் துவைத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தேய்க்கிறார்கள். கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு புரிக் கயிற்றை முறுக்கி, முறுக்குக்குள் துணி முனையைச் செருகுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது.

கே: எங்கள் கிராமத்தில் இன்னும் வண்ணார்களை வயது பாராமல் ஒருமையில் கூப்பிடுகிறார்கள். (பட்டதாரி, கள்ளக்குறிச்சி)

ப: பிள்ளை பிறந்த வீட்டுத் துணி, பூப்பெய்திய வீட்டுத் துணி, இழவு வீட்டுத் துணி, மூன்றையும் தொட்டு வெளுத்த கையைத் தொடாமல் கூலி போட்ட ஊர்கள் நம்முடையவை. சேரிக்கு வெளுத்த புதிரை வண்ணார்களைக் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கினார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்த நாவல். அதில் வரும் ஆரோக்கியத்தோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். படித்து முடித்து ஊருக்குப் போய், முதலில் நீங்கள் ‘வாங்க’ என்று சொல்லுங்கள்.

கே: காந்தி தம் துணியைத் தாமே துவைத்தாரா? (ராஜபாளையம்)

ப: தென்னாப்பிரிக்காவில் சலவைச் செலவு கட்டுப்படியாகாமல் புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டார். முதல் காலருக்குக் கஞ்சி கூடிப்போய், நீதிமன்றத்தில் கழுத்திலிருந்து கஞ்சி உதிர்ந்தது. சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை, கஞ்சியைக் குறைத்தார். பின்னால் அவருடைய அரசியல் குரு கோகலே அங்கே வந்தபோது, தம் ஆசான் ரானடே கொடுத்த அங்கவஸ்திரத்தை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தார்.

கே: என் கணவருக்கு வாஷிங் மெஷினை இயக்கத் தெரியாதாம். (ஆசிரியை, புதுச்சேரி)

ப: செல்போனில் தெரியாத பொத்தான் அவருக்கு உண்டா? மெஷினில் மூன்றுதான். நாளைக் காலை அவர் சட்டையை மட்டும் கூடையிலேயே விட்டுவையுங்கள், மாலைக்குள் பொறியியல் வந்துவிடும்.

கே: மேலே திறப்பதா, முன்னால் திறப்பதா, எது வாங்க? (சோழிங்கநல்லூர்)

ப: தண்ணீர் லாரி வரும் தெருவா? முன்னால் திறப்பது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும். எதை வாங்கினாலும், வெந்நீர்ச் சலவையில் மின்கட்டணத்தைத் தின்பது சுழலும் மோட்டார் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் கம்பி. தூசி ஒவ்வாமைக்காரர்களின் படுக்கை விரிப்புக்கு 60 டிகிரி கொடுங்கள். மற்றதெல்லாம் குழாய்த் தண்ணீரில் துவைக்கலாம்.

கே: துவைப்பதால் கடல் கெடுமா? (மீனவர், ராமேஸ்வரம்)

ப: கெடும். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேல் நுண்ணிழைகள் கழலக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் கணக்கிட்டது. எல்லாம் பிளாஸ்டிக். சாக்கடை வழியே உங்கள் வலைக்குள் வந்து, மீன் வழியே எங்கள் தட்டுக்குத் திரும்புகிறது. அழுக்காகாத துணியைத் துவைக்காதீர்கள் என்று நான் கத்துவது உங்கள் பொருட்டும்தான்.

கே: விடுதியில் ஒரு வாளி, ஒரு சோப்பு. எப்படித் துவைப்பது? (பொறியியல் மாணவர், திருச்சி)

ப: காலர், கைமடிப்பு, அக்குள் மூன்றிலும் சோப்பை முதலில் தேய். அரைமணி ஊறவை. அதற்கு மேல் ஊறினால் கழன்ற அழுக்கு மறுபடி துணியிலேயே குடியேறும். காலுறைக்குக் கடைசித் தண்ணீர். வெள்ளிக்கிழமை ஊறவைத்துவிட்டு ஊருக்குப் போய்விடாதே, உன் அறைத் தோழன் பாவம்.

கே: விண்வெளி வீரர்கள் எப்படித் துவைக்கிறார்கள்? (பள்ளி மாணவி, மகேந்திரகிரி)

ப: துவைப்பதில்லை. தண்ணீர் அங்கே பொக்கிஷம். நாள்கணக்கில் போட்டுவிட்டு, சரக்குக் கலத்தில் குப்பையோடு ஏற்றி அனுப்புவார்கள். வளிமண்டலத்தில் நுழையும்போது எல்லாம் எரிந்துவிடும். வானத்தில் தெரியும் ஒளிக்கீற்றில் யாரோ ஒருவரின் பனியனும் இருக்கலாம், மகளே.

கே: பழங்காலத்தில் சோப்பு இல்லாதவர்கள்? (வரலாற்று ஆசிரியர், உடுமலை)

ப: ரோமாபுரியில் புளித்த சிறுநீர். அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பசையை எடுக்கும். சலவைக்காரர்கள் அதை வாங்கியதைப் பார்த்த பேரரசர் வெஸ்பாசியன் அதற்கும் வரி போட்டார்.

கே: பக்கத்து வீட்டு வேட்டி பறந்து எங்கள் மாடியில் விழுந்திருக்கிறது. அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. (அம்பாசமுத்திரம்)

ப: காயவைத்து, மடித்து, கிளிப் இரண்டு சேர்த்துக் கொடுங்கள், அண்ணாச்சி. அவர்களிடம் தீர்ந்திருக்கும்.